கரண்டா, கெட்டமினா, காந்தமா, இன்னொரு மாத்திரையா: அம்மாவுக்காகப் போட்ட கணக்கு

போன ஐப்பசியில் எங்கள் வீட்டு ரப்பர் ஷீட் உருளை ஐந்து மாதமாகச் சுற்றாமல் கிடந்தது. பால்வெட்டுகிற ஆள் காலையில் கொண்டுவந்து ஊற்றும் ரப்பர்ப் பாலை வடிகட்டி, ஆசிட் விட்டு உறையவைத்து, உருளையில் கொடுத்துக் கயிற்றில் காயப்போடுவது முப்பது வருடமாக அம்மாவின் வேலை. அப்பா இறந்த அன்றுகூட, அடக்கம் முடிந்து வந்தவள் டிஷ்ஷில் கிடந்த பாலைப் பார்த்துவிட்டு, "இது கெட்டுப் போவுமே மக்கா" என்றாள். அப்படிப்பட்டவள் வைகாசியில் முதலில் உருளையை விட்டாள், பிறகு சமையலை, பிறகு குளியலை, கடைசியாகச் சோற்றை. "கொடலு அடச்சுப் போச்சு, இனி ஒண்ணும் எறங்காது" என்பாள். ஜப்தி செய்ய ஆள் வருகிறது, தோட்டம் போய்விட்டது, பிள்ளைகளைக் கடனாளி ஆக்கிவிட்டேன் என்று இரவெல்லாம் புலம்பல். எங்களுக்குக் கடன் எதுவும் கிடையாது. பத்திரத்தை எடுத்துக் காட்டினால், "இது வேற பத்திரம்" என்பாள். அடுத்த வாரம் அந்தப் பத்திரத்தையே காணோம். ஜப்திக்காரர்கள் கையில் சிக்காமல் எங்கோ ஒளித்து வைத்துவிட்டாள்.

கேரள எல்லையில் இருக்கிற களியக்காவிளைக்கு இந்தப் பக்கம்தான் வீடு. ஒரு பஸ்ஸில் ஏறினால் நாகர்கோவில், எதிர்ப்பக்கம் நின்று ஏறினால் திருவனந்தபுரம், இரண்டும் ஏறக்குறைய ஒரே தூரம். 1956 வரை எல்லாம் திருவிதாங்கூர், கடைசியில் திருவிதாங்கூர்-கொச்சிதானே. அதனால் எங்கள் ஊரில் ஒருவனைப் பைத்தியம் என்று கேலி செய்ய கீழ்ப்பாக்கத்தை யாரும் இழுப்பதில்லை. "ஊளம்பாறைக்கு அனுப்பணும்" என்பார்கள். 1870-ல் திருவனந்தபுரத்தில் தொடங்கிய அந்த மனநல ஆஸ்பத்திரியின் பெயர் இத்தனை தலைமுறையாக இந்த வேலையைத்தான் செய்துகொண்டிருக்கிறது. அம்மாவை மனநல மருத்துவரிடம் கூட்டிப்போகலாம் என்று நான் சொன்னபோது சித்தப்பா முதலில் கேட்டது நோயைப் பற்றி அல்ல. "அக்கம்பக்கத்துல என்ன சொல்லுவாவ?"

ஆடியில்தான் முதல் மருத்துவரிடம் போனோம். அன்று எனக்கு டியூட்டி. நான் நர்ஸ், ஆனால் பதினெட்டு வருடமும் எலும்பு முறிவு வார்டில், மனநலப் பிரிவில் இல்லை. மஸ்கட்டிலிருந்து அம்மாவைப் பார்க்க வந்திருந்த மைனிதான், அதாவது அண்ணன் மனைவிதான், கூடப் போனாள். எல்லைக்கு அப்புறம் இருக்கிற ஆஸ்பத்திரி. மருத்துவர் மலையாளத்தில், "மனசில் விஷமம் வல்லதும் உண்டோ?" என்று கேட்டிருக்கிறார். துயரம் ஏதாவது உண்டா என்பது அதன் அர்த்தம். மைனி தூத்துக்குடிக்காரி. "அய்யோ இல்ல டாக்டர், அத்தை யாருக்கும் ஒரு கெடுதல் நினைக்க மாட்டாங்க" என்று பதில் சொல்லிவிட்டு வந்தாள். மலையாளம் புரிந்த அம்மாவோ வாயே திறக்கவில்லை. ஜப்தியும் அடைத்துப்போன குடலும் சீட்டில் ஏறவே இல்லை. சாதாரண மனச்சோர்வு என்று எஸ்சிட்டலோப்ராம் மாத்திரை ஆறு வாரம், அப்புறம் வென்லாஃபாக்ஸின் ஆறு வாரம். அம்மாவின் எடை ஒன்பது கிலோ குறைந்தது.

இதை இப்போது சிரித்துக்கொண்டு சொல்கிறோம். ஆனால் சீட்டில் விடுபட்ட அந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான் பிறகு நாங்கள் போட்ட கணக்கு எல்லாமே ஓடியது. மனச்சோர்வோடு இப்படி இல்லாததை நம்பும் மனப்பிரமையும் சேர்ந்துவிட்டால், அது வேறு வகை நோய். மருந்தும் வேறு, ஆராய்ச்சியும் வேறு. ஐப்பசியில் பார்த்த இரண்டாவது மருத்துவர் ஒரு மணி நேரம் எடுத்து அம்மாவிடம் பேசினார். கடைசியில் எங்களிடம், "நாலு வழி இருக்கு, வீட்டில பேசிட்டு ரெண்டு நாள்ல சொல்லுங்க. அதுக்கு மேல தள்ளாதீங்க" என்றார். மருந்தை மாற்றுவது அல்லது சேர்ப்பது, கெட்டமின் என்ற மயக்க மருந்து, தலையில் காந்தத் துடிப்பு கொடுக்கும் ஆர்டிஎம்எஸ், மயக்கம் கொடுத்து மூளையில் மின்சாரம் செலுத்தும் இசிடி. இசிடிக்கு எங்கள் ஊரில் "கரண்ட் வைக்கிறது" என்று பெயர்.

அன்று இரவே மஸ்கட்டிலிருந்து அண்ணன் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தியை அனுப்பினான். கெட்டமினும் ஷாக்கும் ஒன்றுக்கொன்று சமம், ஞாபகம் போகாது என்பது அதன் சாரம். "பின்ன எதுக்குடே அம்மைக்குக் கரண்ட் வைக்கணும்?" என்று குரல் பதிவு. சித்தி, ராஜாவூர் கோயிலில் ஒன்பது நாள் தங்கி ஜெபிக்கலாம் என்றாள். அத்தானுக்கு, அதாவது என் வீட்டுக்காரருக்கு, இன்னொரு மாத்திரை பார்ப்போமே என்று. ஆளுக்கொன்று. இரண்டு இரவு உட்கார்ந்து நான் படித்ததையும், அதை அம்மா மேல் வைத்துப் பார்த்ததையும் இங்கே எழுதுகிறேன். வேறு ஒருவருக்கு இதே வரிசை வர வேண்டும் என்று இல்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

இன்னொரு மாத்திரை

"நாலு மருந்து மாத்திப் பார்த்தா மூணுல ரெண்டு பேருக்குச் சரியாகிடும்" என்று மருத்துவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். அந்த வாக்கியத்தின் ஊற்று, அமெரிக்காவில் 4,000 பேருக்கு மேல் சேர்த்து நடத்திய ஸ்டார்-டி என்ற ஆய்வு, 2006-ல் வந்தது. நான்கு கட்டங்களில் மொத்தம் 67 சதவீதம் பேர் குணமடைவார்கள் என்றது. 2023-ல் அதே ஆய்வின் மூலத் தரவுகளை எடுத்து, முதலில் எழுதிவைத்த விதிமுறைப்படியே இன்னொரு குழு திரும்பக் கணக்குப் போட்டது. வந்தது 35 சதவீதம். பாதி! சரி, பழைய கணக்கையே நம்பினாலும், இரண்டு மருந்து பலிக்காமல் மூன்றாவதுக்கும் நான்காவதுக்கும் போனவர்களில் ஒவ்வொரு கட்டத்திலும் குணமானவர்கள் 13, 14 சதவீதம்தான். அத்தானிடம் இந்த ஒரு வரியைத்தான் காட்டினேன்.

வயதானவர்களுக்கென்றே 2023-ல் இன்னொரு ஆய்வு வந்தது, ஆப்டிமம் என்று பெயர். 60 வயது தாண்டிய, இரண்டு மருந்தாவது பலிக்காத 619 பேர். இருக்கிற மருந்தோடு அரிப்பிப்ரசோல் சேர்த்தவர்களில் சுமார் 29 சதவீதம் பேர் குணமானார்கள். புப்ரோபியான் சேர்த்தவர்களில் 28. பழைய மருந்தை நிறுத்திப் புப்ரோபியானுக்கு மாறியவர்களில் 19. மாற்றுவதைவிடச் சேர்ப்பது மேல் என்று இதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். ஆனால் என் கண் போய் நின்றது வேறு இடத்தில். புப்ரோபியான் சேர்த்தவர்கள்தான் அதிகமாகக் கீழே விழுந்தார்கள். மனநலக் கட்டுரையில் அது ஒரு பக்கவிளைவு. என் வார்டில் அது இடுப்பெலும்பு, பிளேட், ஸ்குரூ, மூன்று மாதப் படுக்கை. எங்கள் வீட்டு முற்றத்தில் மழைக்குப் பாசி பிடித்திருக்கும். ஒன்பது கிலோ குறைந்த உடம்பு.

உண்மையில் அம்மாவுக்குப் பொருந்துகிற மாத்திரை ஆய்வு இவை இரண்டும் அல்ல. மனப்பிரமை சேர்ந்த மனச்சோர்வுக்கு மனப்பிரமைக்கான ஒலான்சபின், மனச்சோர்வுக்கான செர்ட்ராலின் இரண்டையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்த ஒன்று 2009-ல் வந்தது. 259 பேர், 12 வாரம். இரண்டையும் சேர்த்துக் கொடுத்தவர்களில் 42 சதவீதம் பேர் குணமானார்கள், ஒலான்சபினோடு மருந்தே இல்லாத வெற்று மாத்திரை கொடுத்தவர்களில் 24. ஆடியிலேயே மைனி ஜப்தி விவகாரத்தைச் சொல்லியிருந்தால் இந்தச் சேர்க்கையில்தான் தொடங்கியிருப்பார்கள். 42 சதவீதம் மோசமே இல்லை. ஒலான்சபின் எடை கூட்டும், சர்க்கரையை ஏற்றும். எடை கூடினால் எங்களுக்குச் சந்தோஷம்தான், சர்க்கரைதான் பயம். பிரச்சினை அந்த 12 வாரம். அம்மா அன்றைக்குக் குடித்துக்கொண்டிருந்தது ஒரு நாளைக்கு இரண்டு டம்ளர் கஞ்சித்தண்ணீர்.

கெட்டமின்

அண்ணன் அனுப்பிய செய்தி பொய் இல்லை. 2023-ல் அமெரிக்காவில் 403 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு வாரம் இரண்டு முறை கெட்டமின் டிரிப், மறுபாதிக்கு வாரம் மூன்று முறை இசிடி, மூன்று வாரத்துக்குக் கொடுத்தார்கள். சிகிச்சையைத் தொடங்கியவர்களில், கெட்டமினுக்கு 55 சதவீதம் பேரும் இசிடிக்கு 41 சதவீதம் பேரும் நன்றாகத் தேறினார்கள். இசிடி பக்கம் ஞாபகக் குறைவும் தெரிந்தது. தலைப்புச் செய்தி ஆகாமல் இருக்குமா?

ஆனால் அந்த ஆய்வில் யாரைச் சேர்த்தார்கள் என்ற பத்தியைப் பாருங்கள். மனப்பிரமை உள்ளவர்களுக்கு அதில் இடமே இல்லை. வந்தவர்களில் பெரும்பாலோர் வீட்டிலிருந்து வந்து போகிற நோயாளிகள். அம்மா மாதிரி ஒருத்தி அந்த வாசலுக்கே போயிருக்க முடியாது. அப்படியிருக்க, அந்த 55-ஐயும் 41-ஐயும் வைத்து அம்மாவுக்கு முடிவெடுப்பது, அடுத்த வீட்டுக்காரியின் ஜாக்கெட் அளவில் எனக்குத் துணி வெட்டுவது மாதிரி.

அதற்கு ஒரு வருடம் முன், 2022-ல், சுவீடனிலிருந்து வந்த ஆய்வைப் பற்றி எந்த வாட்ஸ்அப் குழுவும் பேசவில்லை. ஆஸ்பத்திரியில் படுக்கவைக்க வேண்டிய அளவுக்கு நோய் முற்றிய 186 பேர். வயது 85 வரை. மனப்பிரமை உள்ள சிலரும் உண்டு. அங்கே கணக்கு திரும்பிவிட்டது. இசிடியில் 63 சதவீதம் பேர் குணம், கெட்டமினில் 46. ஒரே இரண்டு சிகிச்சைகள், வேறு வேறு நோயாளிகள், வேறு வேறு வெற்றியாளர். அண்ணனுக்கு இதைத்தான் திருப்பி அனுப்பினேன். நீலக்குறி விழுந்தது, ஒரு நாள் முழுக்கப் பதில் இல்லை.

கெட்டமின் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் இன்று எல்லோரும் கேட்பது அதைத்தான். எங்கள் ஆபரேஷன் தியேட்டரில் பல வருடமாகப் பார்க்கிற பழைய மயக்க மருந்துதான் அது; 1970-லேயே அமெரிக்காவில் அனுமதி பெற்றது. மற்ற மனச்சோர்வு மாத்திரைகள் வாரக்கணக்கில் எடுத்துக்கொள்ளும் இடத்தில் இது சில மணி நேரத்தில் வேலை காட்டும். தற்கொலை எண்ணத்தோடு அவசரப் பிரிவுக்கு வருகிறவருக்கு அந்த வேகம் பெரிய விஷயம். ஆனால் ஒரு தடவை கொடுத்தால் பலன் சில நாளில் வடிந்துவிடும், திரும்பத் திரும்பக் கொடுக்க வேண்டும். கொடுக்கும்போது ரத்த அழுத்தம் ஏறும், சுற்றியிருப்பது எல்லாம் கழன்று மிதக்கிற மாதிரி இருக்கும். ஏற்கெனவே இல்லாததை நம்புகிறவளை இன்னும் கொஞ்சம் கழற்றிவிடுவானேன் என்ற தயக்கமும் அதனால்தான். இந்தியாவில் 2013 முதல் இது அட்டவணை எக்ஸ் மருந்து. மருந்துக்கடையில் சாதாரணச் சீட்டுக்குக் கிடைக்காது, கிடைக்கவும் கூடாது.

இன்னொரு விசித்திரம். கெட்டமின் ஏறியது யாருக்கு என்று நோயாளிக்கே தெரிந்துவிடுகிறதே, அப்படியானால் பலனில் எவ்வளவு மருந்து, எவ்வளவு நம்பிக்கை? ஸ்டான்ஃபோர்டில் 2023-ல் ஒரு சாமர்த்தியம் செய்தார்கள். வேறு ஏதோ ஆபரேஷனுக்காக முழு மயக்கத்தில் கிடந்த, மனச்சோர்வும் உள்ள 40 பேரில் பாதிப் பேருக்குக் கெட்டமின், பாதிப் பேருக்கு உப்புத் தண்ணீர். யாருக்கு எது என்று யாருக்கும் தெரியாது. இரண்டு பக்கமும் நன்றாகத் தேறினார்கள், இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை! 2025-ல் அயர்லாந்தில், ஆஸ்பத்திரியில் சேர்ந்திருந்த அறுபத்துச் சொச்சம் பேரிடம் கெட்டமினை மிடசோலம் என்ற தூக்க ஊசியோடு ஒப்பிட்டார்கள். அங்கேயும் சொல்லும்படி வித்தியாசம் வரவில்லை. சின்ன ஆய்வுகள்தான், இவற்றை வைத்துக் கெட்டமின் வெறும் நம்பிக்கை என்று நான் சொல்ல மாட்டேன். விலை உயர்ந்த கிளினிக்கில் முன்பணம் கட்டச் சொன்னால் இவை ஞாபகத்துக்கு வரட்டும், அவ்வளவுதான்.

மூக்கில் அடிக்கும் ஸ்பிரேயாக வரும் எஸ்கெட்டமின் அமெரிக்காவில் 2019-ல் அனுமதி பெற்றது. 2023-ல் வந்த 676 பேர் ஆய்வில், அதைச் சேர்த்தவர்களில் 27 சதவீதம் பேர் எட்டாவது வாரத்தில் குணமாகியிருந்தார்கள். க்யூட்டியபின் என்ற மாத்திரை சேர்த்தவர்களில் 18. நல்ல மருந்துதான். அந்த ஆய்விலும் மனப்பிரமைக்காரர்களைச் சேர்க்கவில்லை.

காந்தம்

இதைச் சுருக்கமாக முடித்துவிடலாம். மயக்கம் வேண்டாம், ஞாபகம் போகாது, நாற்காலியில் உட்கார்ந்தால் போதும். தலையில் ஒரு சுருள் டக் டக் என்று தட்டும். 2018-ல் கனடாவில் 414 பேரிடம், 37 நிமிடப் பழைய முறைக்குப் பதில் மூன்று நிமிட முறையே போதும் என்று காட்டிவிட்டார்கள். இரண்டிலும் பாதிக்குச் சற்றுக் குறைவான பேர் தேறினார்கள். ஒரே நாளில் பத்துத் தடவை வைத்து ஐந்தே நாளில் முடிக்கிற ஸ்டான்ஃபோர்டு முறையும் 2022-ல் நல்ல முடிவு காட்டியது, ஆனால் ஆய்வில் இருந்தவர்கள் 29 பேர்தான்.

வழக்கமான முறையில் வாரம் ஐந்து நாள், நான்கு முதல் ஆறு வாரம். களியக்காவிளையிலிருந்து ஒரு கிழவியை முப்பது நாள் பஸ்ஸில் ஏற்றி இறக்குவது யார்? அமரவிளை, நெய்யாற்றின்கரை நெரிசலில் மூன்று நிமிட சிகிச்சைக்கு நாலரை மணி நேரப் பயணம். அதைக்கூடச் சமாளித்துவிடலாம். மனப்பிரமையும் பட்டினியும் உள்ள நிலையில் காந்தத்தை நம்பிக் காத்திருக்க இரண்டாவது மருத்துவரே சம்மதிக்கவில்லை. பட்டியலில் ஏன் சொன்னீர்கள் என்று கேட்டேன். "எல்லாரும் கேக்கிறாங்க, அதான்" என்றார்.

கரண்ட்

எனக்கே பயம்தான், மறைக்கவில்லை. சினிமாவில் கட்டிலில் கட்டிப்போட்டுத் தலையில் கரண்ட் வைத்தால் கதாநாயகன் அலறுவான். 1938-ல் ரோமில் தொடங்கிய காலத்தில் மயக்கம் இல்லாமல்தான் செய்தார்கள் என்பதும், நம் நாட்டில் அந்தப் பழக்கம் ரொம்பக் காலம் நீடித்தது என்பதும் உண்மை. 2018 மே மாதம் அமலுக்கு வந்த மனநலப் பாதுகாப்புச் சட்டம், மயக்க மருந்தும் தசை தளர்த்தும் மருந்தும் இல்லாமல் இசிடி கொடுக்கவே கூடாது என்று தடைசெய்துவிட்டது. அவசர சிகிச்சை என்று சொல்லி, ஒப்புதல் நடைமுறைகளைத் தாண்டி, கொடுக்கவும் முடியாது.

முதல் நாள் என்னை, நர்ஸ் என்பதால், உள்ளே நிற்க விட்டார்கள். இரவிலிருந்து வெறும் வயிறு. ஊசி ஏறியதும் அம்மா கண்ணை மூடினாள். வலது கணுக்காலுக்கு மேல் பிபி பட்டையைச் சுற்றி இறுக்கினார்கள். தசை தளர்த்தும் மருந்து அந்தப் பாதத்துக்கு மட்டும் போகாமல் இருக்க. வாயில் ரப்பர் கட்டை. ரப்பர்க்காரி வாயில் ரப்பர் என்று என் புத்தி அந்த நேரத்திலும் போயிற்று. பொத்தானை அழுத்தியதும் முகம் ஒரு சுளிப்பு. பிறகு அந்த வலது கால் கட்டைவிரல் மட்டும் துடிக்க ஆரம்பித்தது. மற்ற உடம்பு அசையவில்லை. மயக்க மருத்துவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். முப்பத்தெட்டு விநாடி. முடிந்தது. அலறல் இல்லை, கட்டில் குலுங்கவில்லை. அரை மணி நேரத்தில் கண் விழித்து, "இது யாரு ஆஸ்பத்திரி?" என்று கேட்டாள். இரண்டு நாளில் பதினோரு தடவை கேட்டாள்.

சரி, எண்களுக்கு வருவோம். 60 வயது தாண்டிய 240 பேருக்குத் தலையின் வலப்பக்கம் மட்டும் வைத்து இசிடி கொடுத்து, கூடவே வென்லாஃபாக்ஸினும் கொடுத்த அமெரிக்க ஆய்வு 2016-ல் வந்தது. சராசரி வயது 70. சராசரியாக ஏழு தடவை. 62 சதவீதம் பேர் குணம். நான் படித்தவற்றில் அம்மாவின் ஜாடை இருந்தது இதில்தான். வயதும் மனப்பிரமையும் கெட்டமினுக்கு ஆகாதவை. இசிடிக்கோ அவை இரண்டும் இருந்தால் பலன் கூடும் என்று பழைய ஆய்வுகளும் சொல்கின்றன. உயிராபத்து ஒரு லட்சம் தடவைக்கு இரண்டு என்ற அளவில். மயக்கத்துக்கு முன் இசிஜி, ரத்தப் பரிசோதனை எல்லாம் எடுத்துவிடுவார்கள்.

இதற்குக் கொடுக்கும் விலை, ஞாபகம். இதில் மருத்துவர்கள் ஒரு பக்கமும் நோயாளிகள் இன்னொரு பக்கமும் இழுப்பார்கள். புதிதாக ஒன்றைக் கற்று வைத்துக்கொள்ளும் திறன் இரண்டு வாரத்தில் திரும்பிவிடுகிறது, சிலருக்கு முன்பைவிட நன்றாகவே. 84 ஆய்வுகளைத் தொகுத்த 2010-ம் வருடக் கட்டுரை அதைத்தான் சொல்கிறது. ஆனால் சிகிச்சையை ஒட்டிய மாதங்களின் சொந்த நினைவுகள் சிலருக்குத் திரும்புவதே இல்லை. அதைப் "போகாது" என்று சொல்லி ஒப்புதல் கையெழுத்து வாங்கும் மருத்துவரை நான் நம்ப மாட்டேன். எங்கே வைக்கிறார்கள் என்பதைப் பொறுத்து இது மாறும். இரு பொட்டிலும் வைப்பது நம் நாட்டில் அதிகம். வலப்பக்கம் மட்டும், கரண்ட் அளவைக் கூட்டி வைத்தால் பலன் குறையாமல் சொந்த நினைவுகள் கூடுதலாகத் தப்புகின்றன என்று டப்ளினில் 138 பேரிடம் பார்த்திருக்கிறார்கள். "ஒரு பக்கமா, ரெண்டு பக்கமா டாக்டர்?" என்று கேட்டேன். வலப்பக்கத்தில் தொடங்குவோம், பலன் இல்லையென்றால் மாற்றலாம் என்றார். கேட்காவிட்டால் அந்தப் பேச்சே வந்திருக்காது.

மற்றொரு விலை: இசிடி நோயைக் கலைக்கும், திரும்பி வராமல் காவல் காக்காது. 2001-ல் வந்த ஆய்வில், குணமான பிறகு வெற்று மாத்திரை கொடுத்தவர்களில் 84 சதவீதம் பேருக்கு ஆறு மாதத்தில் நோய் திரும்பியது. நார்ட்ரிப்டிலின் என்ற மனச்சோர்வு மருந்து கொடுத்தவர்களுக்கு 60. அதோடு லித்தியமும் சேர்த்தவர்களுக்கு 39. "கரண்ட் வச்சாச்சு, இனி மாத்திரை எதுக்கு?" என்று நிறுத்துகிறவர்கள் இந்த மூன்று எண்ணைச் சுவரில் எழுதி வைக்கலாம்.

கையெழுத்து விஷயத்தில் ஒரு சங்கடம் வந்தது. நோயாளிக்கு முடிவெடுக்கும் திறன் இருந்தால் அவர்தான் ஒப்புதல் தர வேண்டும். இல்லாவிட்டால் அவருடைய நியமனப் பிரதிநிதி. மூத்த மகன் என்று அண்ணன் மஸ்கட்டிலிருந்து முடிவு சொல்ல, சித்தப்பா இங்கிருந்து இன்னொன்று சொல்ல, மருத்துவர் அம்மாவிடமே கேட்டார். "ஒங்களுக்கு யாரு கூட நிக்கணும்?" அம்மா என்னைக் காட்டினாள். ஐந்து மாதத்தில் அவள் எடுத்த முதல் முடிவு அது. இன்சூரன்ஸ் இருந்தால், உள்நோயாளியாகச் சேரும் மனநோய்ச் சிகிச்சைக்கு மறுக்கக் கூடாது. அதே மனநலப் பாதுகாப்புச் சட்டம் உடல்நோயோடு சமமாக நடத்தச் சொல்கிறது. வெளிநோயாளியாக வந்து போகிற செலவு பெரும்பாலான பாலிசிகளில் வராது. எது எதில் சேரும் என்று முன்பே கேட்டுவிடுங்கள், நாங்கள் பில்லைப் பார்த்த பிறகுதான் கேட்டோம்.

ஜெபத்தை வேண்டாம் என்று சொல்லவில்லை. சித்தி ஒன்பது நாளும் போய் வந்தாள். அம்மாவை அங்கே தங்கவைக்கத்தான் நான் சம்மதிக்கவில்லை. கஞ்சித்தண்ணீர் கணக்கு அதற்கு இடம் தரவில்லை.

அதே வரிசை, தலைகீழாக

சித்தி மகன் ஒருவன், 34 வயது, கழக்கூட்டம் டெக்னோபார்க்கில் வேலை. அவனுக்கும் இரண்டு வருடமாக மனச்சோர்வு, இரண்டு மருந்து பலிக்கவில்லை. மனப்பிரமை இல்லை, சாப்பிடுகிறான், வேலைக்குப் போகிறான், மாதாமாதம் கடன் தவணை கட்டுகிறான். அம்மாவுக்குச் செய்ததைப் பார்த்துவிட்டு, "அக்கா, எனக்கும் கரண்ட் வைக்கலாமா?" என்றான். என் வரிசை அவனுக்கு முழுக்கத் திரும்பிவிடும். முதலில் பேச்சு வழி சிகிச்சை, அதை அவன் ஒழுங்காகச் செய்ததே இல்லை. கோவாவில் 2017-ல் 495 பேரிடம் நடந்த ஆய்வில், மருத்துவரே அல்லாத, பயிற்சி பெற்ற ஊர்க்காரர்கள் ஆறு முதல் எட்டு அமர்வு நடத்தியே மூன்று மாதத்தில் 64 சதவீதம் பேர் குணமானார்கள். வழக்கமான கவனிப்பு மட்டும் கிடைத்தவர்களில் 39. சோர்ந்து கிடக்கிறவரை அன்றாட வேலைகளுக்குச் சிறிது சிறிதாகத் திருப்புவதுதான் அந்த முறை. அதோடு நடை, உடற்பயிற்சி. 2024-ல் 218 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் அதற்கும் கணிசமான பலன். அப்புறம் மருந்தோடு இன்னொன்றைச் சேர்ப்பது. அதற்கும் மசியாவிட்டால் காந்தம். ஆபீஸ் பக்கத்திலேயே இருக்கிறது, மதிய இடைவேளையில் போய் வரலாம். கெட்டமின் அதற்கும் பின்னால். கம்ப்யூட்டர் கோடு எழுதிப் பிழைக்கிறவனுக்கு ஞாபகம்தான் சோறு. இசிடி அவன் பட்டியலில் கடைசி.

அவனுக்கு 14416 எண்ணையும் கொடுத்தேன், டெலி மானஸ். 2022 அக்டோபரில் தொடங்கியது, எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழிலும் பேசலாம். அங்கே போய் "விஷமம் இல்லை" என்று மட்டும் சொல்லிவிடாதே என்றேன்.

அம்மாவுக்கு எட்டுத் தடவை ஆயிற்று. நான்காவதுக்குப் பிறகு மரச்சீனியும் மத்திக் கறியும் கேட்டாள். ஆறாவதுக்குப் பிறகு ஜப்திப் பேச்சு நின்றது. இப்போது வென்லாஃபாக்ஸின், லித்தியம், சின்ன அளவில் ஒலான்சபின். ஒலான்சபினை எப்போது நிறுத்துவது என்பது அடுத்த கேள்வி. குணமான பிறகு அதை நிறுத்தியவர்களில் 55 சதவீதம் பேருக்கும் தொடர்ந்தவர்களில் 20 சதவீதம் பேருக்கும் நோய் திரும்பியது என்று 2019-ல் ஒரு ஆய்வு சொல்கிறது. மறுபக்கம் சர்க்கரை ஏறுகிறது. சித்திரை வரை தொடர்வோம், பிறகு பார்ப்போம் என்று நிற்கிறோம். லித்தியத்துக்கு மாதாமாதம் ரத்தம் எடுத்து அளவு பார்க்க வேண்டும், தைராய்டும் சிறுநீரகமும் இடைக்கிடை. வெயிலில் வியர்த்துத் தண்ணீர் குடிக்காமல் இருந்தால் அளவு ஏறிவிடும். முட்டுவலிக்கு இபுப்ரூஃபன் போட்டாலும் ஏறும். என் வார்டில் மிட்டாய் மாதிரி கொடுக்கிற அதே மாத்திரை. அலமாரியில் இருந்ததை எல்லாம் எடுத்துப் போய்விட்டேன்.

அந்த ஐப்பசியும் கார்த்திகையும் அம்மாவிடம் இல்லை. சித்தி மகளுக்கு நிச்சயம் நடந்ததும், தான் புதுச் சேலை கட்டி ஓரமாக உட்கார்ந்திருந்ததும் போட்டோவில் பார்த்துத்தான் தெரியும். "இது நானா? எலும்பும் தோலுமா இருக்கேனே" என்றாள். பத்திரத்தை எங்கே ஒளித்தாள் என்பதும் அதோடு போயிற்று. அரிசிப் பானை, மெத்தை, ஓட்டு இடுக்கு எல்லாம் பார்த்தாயிற்று. சார்பதிவாளர் ஆபீசில் நகலுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறோம். போன வாரம் நான் போனபோது உருளை சுற்றிக்கொண்டிருந்தது. அம்மா ஒரு ஷீட்டைக் கொடுத்துவிட்டு, குனிந்து உருளைக்கு அடியில் கைவிட்டுத் துழாவினாள். "இங்க வச்சிருப்பனோ?" என்றாள். அங்கேயும் இல்லை.